ஜேவிஎம் நினைவக ஃப்ளாக்குகள்: தரநிலையானவை, தரநிலைக்குப் புறம்பானவை – படிப்படியான முழு வழிகாட்டி

ஜாவா சேவையை முதன்முறையாகச் சர்வரில் ஏற்றுபவர்களுக்கு உதவியாக உட்கார்ந்து பார்த்தவரை, நினைவகத்துக்குத் தவறான எண்ணைப் போட்டுச் சிக்கியவர்கள் குறைவு. சரியான எண்ணை ஜேவிஎம் (ஜாவா நிரலை இயக்கும் மெய்நிகர் இயந்திரம்) படிக்காத இடத்தில் எழுதியவர்களும், வேறொரு பதிப்புக்கான ஃப்ளாக்கை, அதாவது தொடக்கக் கட்டளையில் இடும் அமைப்பை, நகலெடுத்து ஒட்டியவர்களுமே அதிகம். ஆகவே இந்த வழிகாட்டி எண்களைக் காட்டிலும் வரிசைக்கு முக்கியத்துவம் தருகிறது. கீழே சொல்லப்படுபவை லினக்ஸில் ஓடும் ஓபன்ஜேடிகேயின் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம்முக்கு உரியவை. வேறு ஜேவிஎம் என்றால் அந்த இடத்திலேயே குறிப்பிடுகிறேன்.

ஃப்ளாக்குகளின் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கட்டளை வரியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு பிசகாமல் இட வேண்டும்.

1. மூன்று வகை ஃப்ளாக்குகளை முதலில் பிரித்தறியுங்கள்

முதல் வகை, தரநிலை ஃப்ளாக்குகள். கிளாஸ்பாத் சொல்லும் -சிபி, சிஸ்டம் பிராப்பர்ட்டி சொல்லும் -டி, பதிப்பைக் காட்டும் -வெர்ஷன் போன்றவை இதில் அடங்கும். எந்த ஜேவிஎம்மும் இவற்றை ஏற்றாக வேண்டும் என்பதே 'தரநிலை' என்ற சொல்லின் பொருள்.

இரண்டாவது வகை -எக்ஸ் என்று தொடங்குபவை. ஹீப்பின் (நிரலின் பொருள்கள் தங்கும் நினைவகப் பகுதி) உச்ச அளவைச் சொல்லும் -எக்ஸ்எம்எக்ஸ், அதன் தொடக்க அளவைச் சொல்லும் -எக்ஸ்எம்எஸ், ஸ்டாக் அளவைச் சொல்லும் -எக்ஸ்எஸ்எஸ், ஹீப்பில் புதிய பொருள்களுக்கான பகுதியைச் சொல்லும் -எக்ஸ்எம்என் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. 'ஜாவா -எக்ஸ்' என்று இயக்கினால் வரும் பட்டியலின் அடியில், இவை முன்னறிவிப்பின்றி மாறக்கூடியவை என்ற ஒரு வரியும் சேர்ந்தே வரும். பட்டியலைப் பார்ப்பவர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை.

மூன்றாவது வகை -எக்ஸ்எக்ஸ்: என்று தொடங்குபவை. குறிப்பிட்ட ஜேவிஎம்மின் உள்ளுறுப்பை நேரடியாகத் திருகுபவை இவை. ஆம், இல்லை வகையானால் + அல்லது - குறியும், மதிப்பு வகையானால் = குறியும் வரும். இவற்றுள்ளும் சில பூட்டப்பட்டவை: சோதனை நிலையில் இருப்பவற்றுக்கு அன்லாக்எக்ஸ்பெரிமென்டல்விஎம்ஆப்ஷன்ஸ், பழுதறிய உதவுபவற்றுக்கு அன்லாக்டயக்னாஸ்டிக்விஎம்ஆப்ஷன்ஸ் என்ற சாவி வேண்டும்.

இந்தப் பிரிவினையிலிருந்து கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: நினைவகத்தின் அளவைச் சொல்லும் ஃப்ளாக் எதுவுமே தரநிலை வகையில் இல்லை. உலகம் முழுவதும் பழகிப்போன -எக்ஸ்எம்எக்ஸ் கூட, பழக்கத்தால் நிலைத்திருக்கிறதே தவிர உத்தரவாதத்தால் அல்ல. நடைமுறையில் அது நாளை காணாமல் போய்விடும் என்று நான் அஞ்சவில்லை. ஆனால் -எக்ஸ்எக்ஸ் வகையில் அது நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதனால் இடும் ஒவ்வொரு ஃப்ளாக்கையும், எந்த ஜேவிஎம்மில் ஓடப்போகிறதோ அதிலேயே சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

சேவை ஓடும் அதே கன்டெய்னருக்குள் (நினைவக வரம்போடு தனித்து ஓடும் சூழல்) நுழைந்து ஜாவாவின் பதிப்பைக் கடைசி எண் வரை குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மடிக்கணினியில் இருக்கும் பதிப்பு இங்கே பயன்படாது. '11' என்று மட்டும் குறிப்பது போதாது என்பதற்குக் காரணம், கன்டெய்னரின் வரம்பை அறியும் திறன் இடைப்பட்ட திருத்தப் பதிப்புகளில்தான் வந்து சேர்ந்தது. கன்டெய்னர் ஆதரவு ஜேடிகே (ஜாவா உருவாக்கத் தொகுப்பு) 10இல் வந்து 8யு191க்கும், அதாவது ஜாவா 8இன் 191ஆம் திருத்தத்துக்கும், பின்னோக்கி அளிக்கப்பட்டது. கன்டெய்னருக்கு வரம்பு வைக்கும் லினக்ஸ் வசதியான சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பை அறியும் திறன் ஜேடிகே 15இல் வந்து, பிறகு 11.0.16க்கும் 8யு372க்கும் கிடைத்தது. அதற்கு முந்தைய பதிப்பைப் புதிய லினக்ஸ் மீது ஓட்டினால், கன்டெய்னருக்கு 2 ஜிபி வரம்பு வைத்திருந்தாலும் ஜேவிஎம் அடியிலுள்ள இயந்திரத்தின் 64 ஜிபியைத்தான் பார்க்கும்.

அடுத்து, உண்மையான வரம்பு எவ்வளவு என்பதைக் கோப்பிலிருந்தே படியுங்கள். சிகுரூப் இரண்டாம் பதிப்பில் சிஸ், எஃப்எஸ், சிகுரூப் என்ற அடைவுகளுக்குள் இருக்கும் மெமரி.மேக்ஸ் என்ற கோப்பு அதைச் சொல்லும். கட்டமைப்புக் கோப்பில் எழுதியதும் இங்கே இருப்பதும் வேறுவேறாக இருந்த சந்தர்ப்பங்கள் எனக்கு நேர்ந்திருக்கின்றன.

மூன்றாவதாக, ஓடும் ஜேவிஎம்மிடம் விவரம் கேட்க உதவும் ஜேசிஎம்டி கருவி வேண்டும். ஜேஆர்இ (ஜாவாவை இயக்க மட்டும் உதவும் தொகுப்பு) மட்டும் உள்ள சிறிய இமேஜில் அது இருக்காது. அளக்கும் காலம் வரையாவது ஜேடிகே இமேஜைப் பயன்படுத்துங்கள். சேவையை இயக்கும் அதே பயனராகவே அதை இயக்கவும் வேண்டும். கடைசியாக, உண்மையான போக்குவரத்தை ஒத்த சுமையைத் தரும் ஒரு சோதனை நிரல் தேவை. அது இல்லாமல் கீழுள்ள 9ஆம் படியைச் செய்ய வழியில்லை.

3. ஜேவிஎம் தானாக எடுத்த முடிவை முதலில் படியுங்கள்

எந்த ஃப்ளாக்கும் இடாமல், ஜாவா என்ற சொல்லுக்குப் பின் -எக்ஸ்எக்ஸ்:+பிரின்ட்ஃப்ளாக்ஸ்ஃபைனல், அதன்பின் -வெர்ஷன் என்று இயக்குங்கள். நூற்றுக்கணக்கான வரிகள் வரும். அதில் மேக்ஸ்ஹீப்சைஸ் என்ற வரியைத் தேடி எடுங்கள். 2 ஜிபி வரம்புள்ள கன்டெய்னரில் அந்த வரியில் 536870912 என்ற எண்ணும், அதன் வலப்புறம் அடைப்புக்குறிக்குள் 'எர்கோனாமிக்' என்ற சொல்லும் நிற்கும். அதாவது 512 எம்பி, கிடைத்த நினைவகத்தில் கால் பங்கு. தொடக்க ஹீப் 64இல் ஒரு பங்கு.

அந்த வலப்புறச் சொல்தான் இந்த வழிகாட்டி முழுவதிலும் உங்களுக்குச் சாட்சி. 'டிஃபால்ட்' என்றால் யாரும் தொடவில்லை. 'எர்கோனாமிக்' என்றால் ஜேவிஎம் இயந்திரத்தைப் பார்த்துத் தானே கணக்கிட்டது. 'கமாண்ட் லைன்' என்றால் நீங்கள் சொன்னது சென்று சேர்ந்திருக்கிறது. ஜேடிகே 9 முதல் இந்தச் சொல் தெளிவாக அச்சாகிறது. 8இல் மாற்றப்பட்ட மதிப்புக்கு முன் சமக்குறியோடு ஒரு முக்காற்புள்ளி சேர்ந்திருக்கும், அவ்வளவே.

இதே பட்டியலில், பயன்படாத பொருள்களை அகற்றி நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டர்களில் எது தேர்வாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஜேடிகே 9 முதல் ஜி1 தான் இயல்புத் தேர்வு என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இன்று பரவலாக ஓடும் பதிப்புகளில், இரண்டுக்குக் குறைவான சிபியு அல்லது ஏறத்தாழ 1792 எம்பிக்குக் குறைந்த நினைவகம் என்றால் ஜேவிஎம் சீரியல் கலெக்டருக்கு இறங்கிவிடும். ஒரு சிபியு கன்டெய்னரில் ஜி1க்கான ஃப்ளாக்குகளை மாற்றி மாற்றிப் பார்த்து இரண்டு நாள் செலவழித்த ஒருவரை எனக்குத் தெரியும். அங்கே ஜி1 ஓடவே இல்லை.

4. ஹீப்புக்கு வெளியே எவ்வளவு போகிறது என்று கணக்கிடுங்கள்

ஹீப் அளவைத் தீர்மானிக்குமுன் இந்தப் படியைச் செய்ய வேண்டும். ஏனெனில் ஹீப் என்பது மீதி. புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கன்டெய்னருக்கு 2 ஜிபி, ஆகவே ஹீப்புக்கும் 2 ஜிபி என்று எழுதிவிட்டு, சில மணி நேரம் கழித்துச் சேவை காரணமே சொல்லாமல் மடிவதைப் பார்க்கிறார்கள்.

ஹீப்புக்கு வெளியே ஜேவிஎம் பயன்படுத்துபவை: கிளாஸ்களின் விவரங்கள் தங்கும் மெட்டாஸ்பேஸ், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு ஸ்டாக், இயந்திர மொழிக்கு மாற்றிய நிரல் தங்கும் கோட் கேஷ், டைரக்ட் பஃபர்கள், கலெக்டர் தன் வேலைக்காக வைத்திருக்கும் அட்டவணைகள். 64 பிட் லினக்ஸில் ஸ்டாக்கின் இயல்பு அளவு 1 எம்பி. கோட் கேஷுக்கு 240 எம்பி வரை ஒதுக்கப்படும். இவை உச்சவரம்புகள். தொட்ட பக்கங்கள் மட்டுமே உண்மையில் நினைவகத்தைப் பிடிக்கும் என்பதால், ஊகிக்காமல் அளந்துவிடுவது நல்லது.

அளக்க, -எக்ஸ்எக்ஸ்:நேட்டிவ்மெமரிடிராக்கிங்=சம்மரி என்ற ஃப்ளாக்குடன் சேவையைத் தொடங்கி, சுமை கொடுத்து, பிறகு ஜேசிஎம்டி, பிராசஸ் எண், விஎம்.நேட்டிவ்_மெமரி சம்மரி என்று இயக்குங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் 'ரிசர்வ்டு', 'கமிட்டட்' என இரண்டு எண்கள் வரும். கமிட்டட் எண்ணை மட்டும் எடுங்கள். ரிசர்வ்டு என்பது முகவரி வெளியில் இடம்பிடிக்கப் போட்ட துண்டு. அதைப் பார்த்து, 'கிளாஸ் பகுதிக்கு மட்டும் 1 ஜிபி போகிறதே' என்று பதறியவர்கள் பலர்.

ஒரு சராசரி வலைச் சேவையில் மெட்டாஸ்பேஸ் 150, கோட் கேஷ் 100, ஸ்டாக்குகள் 100, டைரக்ட் பஃபர் 64, கலெக்டர் 80 எம்பி என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 494. 2048இலிருந்து கழித்தால் 1554. அதில் சுமார் 250 எம்பியை மூச்சுவிட விட்டுவிட்டு 1300 எம்பியை ஹீப்புக்குத் தரலாம். அந்த 250 வீணல்ல: நூலகங்கள் தாமாக நேட்டிவ் நினைவகம் கேட்டால் இந்தக் கருவி அதை எண்ணாது, லினக்ஸின் அடிப்படை சி நூலகமான க்ளிப்சியின் நினைவக ஒதுக்கி ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனிக் கிடங்கு வைத்து வீங்குவதும் இதில் தெரியாது.

5. ஹீப் அளவை ஒரே ஒரு வழியில் சொல்லுங்கள்

இரண்டு வழிகள் உண்டு. நேரடி எண்: -எக்ஸ்எம்எக்ஸ்1300எம். விகிதம்: -எக்ஸ்எக்ஸ்:மேக்ஸ்ராம்பெர்சென்டேஜ்=63.0. கன்டெய்னரின் வரம்பு அடிக்கடி மாறும் என்றால் விகிதம் வசதி. வரம்பு நிலையானது என்றால் நேரடி எண்ணையே நான் விரும்புவேன், ஏனெனில் மேலே பார்த்த வெளிச்செலவு கன்டெய்னரோடு விகிதத்தில் வளர்வதில்லை. 512 எம்பி கன்டெய்னரில் 75 விகிதம் வைத்தால் மீதி 128 எம்பிதான். அதே சேவையின் மெட்டாஸ்பேஸ் ஒன்றே அதை விழுங்கிவிடும்.

இரண்டையும் சேர்த்து எழுதாதீர்கள். -எக்ஸ்எம்எக்ஸ் இருந்தால் விகித ஃப்ளாக் சத்தமின்றிப் புறக்கணிக்கப்படும். விகிதத்தை 63.0 என்று புள்ளியோடு எழுதுவதும் பாதுகாப்பு. பழைய பதிப்புகள் சில முழு எண்ணை ஏற்காமல் தொடக்கத்திலேயே நின்றுவிடும். மின்ராம்பெர்சென்டேஜ் என்றொரு ஃப்ளாக் இருக்கிறது; பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது குறைந்தபட்ச ஹீப்பைச் சொல்வதில்லை. ஏறத்தாழ 250 எம்பிக்குக் குறைந்த மிகச் சிறிய இயந்திரங்களில் அதிகபட்ச ஹீப்பைச் சொல்வது. இதற்குப் பெயரிட்டவர் அன்று தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

அளவை எழுதும்போது நேரும் பிழைகள் சிறியவை, ஆனால் ஒவ்வொன்றும் தொடக்கத்தைத் தடுக்கும். அலகு எழுத்தை விட்டால் பைட் என்று பொருள்படும். 2048 என்று மட்டும் எழுதினால், ஹீப் மிகச் சிறியது என்று ஜேவிஎம் மறுக்கும். ஃப்ளாக்குக்கும் எண்ணுக்கும் இடையே இடைவெளி விடக் கூடாது. 'ஜி' என்ற ஓரெழுத்தே அலகு. 'ஜிபி' என ஈரெழுத்து எழுதினால் செல்லாது.

-எக்ஸ்எம்எஸ் தொடக்க அளவையும் குறைந்தபட்ச அளவையும் சேர்த்தே நிர்ணயிக்கும். நீண்ட நேரம் ஓடும் சேவைக்கு இதை உச்ச அளவுக்குச் சமமாக வைப்பது வழக்கம். ஹீப் விரிந்து சுருங்கும் வேலை மிச்சமாகும். ஆனால் சமமாக வைத்ததாலேயே முழு நினைவகமும் உடனே பிடிக்கப்பட்டுவிடாது. தொடங்கும்போதே எல்லாப் பக்கங்களையும் தொட்டுவிட வேண்டுமானால் ஆல்வேஸ்ப்ரீடச் வேண்டும். அதற்கு ஈடாகத் தொடக்கம் தாமதமாகும்.

பெரிய இயந்திரத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹீப் 32 ஜிபியை எட்டாதவரை ஜேவிஎம் பொருள்களின் முகவரியை 4 பைட்டில் சுருக்கி வைக்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு முகவரியும் 8 பைட். ஆகவே 33 ஜிபி ஹீப்பில் 31 ஜிபி ஹீப்பைவிடக் குறைவான பொருள்களே அடங்கக்கூடும். 31இல் நில்லுங்கள், அல்லது ஒரேயடியாக 48க்கு மேல் தாவுங்கள்.

6. ஃப்ளாக்கை ஜேவிஎம் படிக்கும் இடத்தில் எழுதுங்கள்

நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்தப் படியில்தான் நடந்தவை.

கட்டளை வரியில் -ஜார், அதன்பின் ஜார் கோப்பின் பெயர் வந்துவிட்டால், அதற்குப் பிறகு எழுதும் எதையும் ஜேவிஎம் பார்க்காது. அவை உங்கள் நிரலின் மெயின் மெத்தடுக்குப் போய்விடும். வரியின் கடைசியில் -எக்ஸ்எம்எக்ஸ் சேர்ப்பது கைப்பழக்கமாக எல்லோருக்கும் வரும். பிழைச் செய்தி வராது, சேவையும் ஓடும், ஹீப் மட்டும் பழைய கால் பங்கிலேயே இருக்கும். ஃப்ளாக்குகள் எல்லாம் -ஜார் என்பதற்கு முன்னால் நிற்க வேண்டும்.

சூழல் மாறிகளில் குழப்பம் இன்னும் கூடுதல். ஜாவா_ஆப்ட்ஸ் என்ற பெயரை ஜேவிஎம் அறியவே அறியாது. டாம்கேட் போன்றவற்றின் தொடக்க ஸ்கிரிப்ட்கள் அதை எடுத்துக் கட்டளை வரியில் சேர்க்கின்றன, அவ்வளவுதான். கன்டெய்னரில் ஜாவாவை நேரடியாக அழைத்தால் அந்த மாறியில் நீங்கள் எழுதியது அநாதையாகக் கிடக்கும். ஜேவிஎம் தானே படிப்பது ஜாவா_டூல்_ஆப்ஷன்ஸ். படித்ததும் 'பிக்ட் அப்' என்று தொடங்கும் ஒரு வரியைப் பிழை வெளியீட்டில் அச்சிடும். ஜேடிகே 9 முதல் ஜேடிகே_ஜாவா_ஆப்ஷன்ஸ் என்பதும் உண்டு. ஜாவா என்ற கட்டளை மட்டும் அதைப் படிக்கும்.

ஒரே ஃப்ளாக் இருமுறை வந்தால் கடைசியாக வந்ததே செல்லும். முதலில் ஜாவா_டூல்_ஆப்ஷன்ஸ், பிறகு கட்டளை வரி, இறுதியாக அடிக்கோட்டுடன் தொடங்கும் _ஜாவா_ஆப்ஷன்ஸ் என்ற வரிசையில் ஜேவிஎம் படிக்கும். ஆகவே முதலாவதைக் கட்டளை வரி வெல்லும். கடைசியானது கட்டளை வரியையே வெல்லும். யாரோ எப்போதோ இயந்திரத்தில் விட்டுச்சென்ற _ஜாவா_ஆப்ஷன்ஸ் உங்கள் ஃப்ளாக்கை அடித்துப்போடுவதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒருமுறை ஒரு பிற்பகல் முழுவதும் பிடித்தது.

எழுதி முடித்ததும், ஓடும் பிராசஸைக் கேளுங்கள்: ஜேசிஎம்டி, எண், விஎம்.ஃப்ளாக்ஸ். மேக்ஸ்ஹீப்சைஸ் 1363148800 என்று வந்தால் 1300 எம்பி சென்று சேர்ந்துவிட்டது. 536870912 என்றே நின்றால் இந்தப் படியின் தொடக்கத்துக்குத் திரும்புங்கள்.

7. ஹீப்புக்கு வெளியே உள்ளவற்றுக்கு வரம்பு வையுங்கள்

மெட்டாஸ்பேஸுக்கு இயல்பில் உச்சவரம்பு கிடையாது. கன்டெய்னரில் மேக்ஸ்மெட்டாஸ்பேஸ்சைஸ் வைப்பது நல்லது. கிளாஸ்லோடர் கசிவு இருந்தால், சேவை மர்மமாகச் சாவதற்குப் பதில் காரணத்தோடு பிழை எறியும். மெட்டாஸ்பேஸ்சைஸ் என்பது தொடக்க அளவு என்று பலர் நினைக்கிறார்கள். முதல் சேகரிப்பைத் தூண்டும் அளவுகோடு அது.

டைரக்ட் பஃபருக்கு நீங்கள் வரம்பு வைக்காவிட்டால் ஹீப்பின் உச்ச அளவே அதற்கும் வரம்பு. அதாவது 1300 எம்பி ஹீப்புக்கு மேல் இன்னொரு 1300 எம்பி வெளியே போகலாம். நெட்டி போன்ற வலை நூலகங்களைப் பயன்படுத்துபவர்கள் மேக்ஸ்டைரக்ட்மெமரிசைஸைத் தவிர்க்க முடியாது.

ஸ்டாக்கைக் குறைக்க -எக்ஸ்எஸ்எஸ்512கே போதும். இதற்கு இணையான த்ரெட்ஸ்டாக்சைஸ் என்ற -எக்ஸ்எக்ஸ் ஃப்ளாக் கிலோபைட் கணக்கில் எண்ணுவதால், ஒன்றில் எழுதியதை மற்றொன்றுக்கு நகலெடுத்தால் அளவு ஆயிரம் மடங்கு பிசகும். ஆழமான தற்சுழற்சி (ரிகர்ஷன்) உள்ள நிரலில் ஸ்டாக்கைக் குறைக்கவே வேண்டாம்.

8. வேறு -எக்ஸ்எக்ஸ் ஃப்ளாக் எதையும் பதிப்பு பார்க்காமல் சேர்க்காதீர்கள்

ஹாட்ஸ்பாட்டில் ஒரு ஃப்ளாக் மூன்று கட்டங்களில் மறைகிறது. முதலில், கைவிடப்படப் போகிறது என்ற எச்சரிக்கையோடு வேலை செய்யும். அடுத்து, ஏற்கப்படும், ஆனால் ஒன்றும் செய்யாது. இறுதியில் ஜேவிஎம்முக்கு அந்தப் பெயரே தெரியாது. பெயர் தெரியாத ஃப்ளாக் இருந்தால் அது தொடங்க மறுத்துவிடும்.

மேக்ஸ்பெர்ம்சைஸின் கதை இதற்குச் சரியான சான்று. அது வரம்பு வைத்த பெர்ம்ஜென், அதாவது மெட்டாஸ்பேஸுக்கு முன் கிளாஸ் விவரங்கள் தங்கிய பகுதி, 2014இல் ஜாவா 8உடன் நீக்கப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் இந்த ஃப்ளாக் ஒரு எச்சரிக்கை வரியோடு புறக்கணிக்கப்பட்டது. நான் பணியாற்றிய ஓரிடத்தில், பத்துக்கும் மேற்பட்ட சேவைகளின் ஸ்கிரிப்ட்களில் அது நகலாகிக் கிடந்தது. பதிவேட்டில் தினமும் வந்த எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்தவில்லை, நான் உட்பட. ஜாவா 17க்கு மாறிய இரவில் அத்தனை சேவைகளும் தொடங்க மறுத்தன. 17இல் அந்தப் பெயர் அறியப்படாததாகிவிட்டிருந்தது.

சிஎம்எஸ் கலெக்டரும் அப்படியே: ஜேடிகே 9இல் கைவிடப்பட்டு 14இல் நீக்கப்பட்டது. கார்பேஜ் கலெக்டர் பதிவுக்கான பிரின்ட்ஜிசிடேட்ஸ்டாம்ப்ஸ் போன்ற பழைய ஃப்ளாக்குகளை 9 முதலே ஏற்பதில்லை; அவற்றுக்குப் பதில் -எக்ஸ்லாக்:ஜிசி* வந்துவிட்டது. இணையத்தில் கிடைக்கும் 'சிறந்த ஜேவிஎம் அமைப்புகள்' பட்டியல்களில் பெரும்பகுதி ஜாவா 8 காலத்தவை.

இந்தத் தொல்லையிலிருந்து தப்ப இக்னோர்அன்ரெகக்னைஸ்டுவிஎம்ஆப்ஷன்ஸ் என்ற ஃப்ளாக்கைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதை இடாதீர்கள்; பழைய ஃப்ளாக்கோடு உங்கள் எழுத்துப்பிழையையும் அது மூடி மறைக்கும். ஓபன்ஜே9 ஜேவிஎம் தனக்குத் தெரியாத -எக்ஸ்எக்ஸ் ஃப்ளாக்குகளை இயல்பிலேயே விட்டுவிடுகிறது. ஹாட்ஸ்பாட்டிலிருந்து அதற்கு மாறுபவர்கள், பிழை வரவில்லை என்பதை எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லாச் சேவைக்கும் நான் சேர்ப்பவை மூன்று: நினைவகம் தீர்ந்தால் ஹீப்பின் நகலை (ஹீப் டம்ப்) கோப்பாக எழுதும் ஹீப்டம்ப்ஆன்அவுட்ஆஃப்மெமரிஎரர், அந்தக் கோப்பை எங்கே எழுதுவது என்று சொல்லும் ஹீப்டம்ப்பாத், அப்போது ஜேவிஎம்மை நிறுத்திவிடும் எக்ஸிட்ஆன்அவுட்ஆஃப்மெமரிஎரர். பாதை கன்டெய்னருக்கு வெளியே நிலைக்கும் வட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கன்டெய்னரோடு ஆதாரமும் போய்விடும்.

9. சுமை கொடுத்து, எப்படிச் சாகிறது என்று பாருங்கள்

சுமையைத் தொடங்கி, மெட்டாஸ்பேஸும் கோட் கேஷும் வளர்ச்சி நின்று சமநிலைக்கு வரும்வரை ஓடவிடுங்கள். பிறகு நேட்டிவ் மெமரி கணக்கில் பேஸ்லைன் எடுத்து, ஒரு மணி நேரம் கழித்து சம்மரி.டிஃப் கேளுங்கள், எந்தப் பகுதி வளர்கிறது என்று தனியாகத் தெரியும்.

சேவை விழுந்தால், விழுந்த விதத்தை முதலில் பிரியுங்கள். பதிவேட்டில் அவுட்ஆஃப்மெமரிஎரர் இருந்தால் அதை எறிந்தது ஜேவிஎம். 'ஜாவா ஹீப் ஸ்பேஸ்' என்றால் 5ஆம் படி, 'மெட்டாஸ்பேஸ்' என்றால் 7ஆம் படி. பதிவேட்டில் ஒன்றுமே இல்லாமல் கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு நின்றிருந்தால், வெளியிலிருந்து 9ஆம் சிக்னல் வந்து கொன்றிருக்கிறது. பெரும்பாலும் நினைவக வரம்பைக் காக்கும் கர்னலின் வேலை அது. அப்போது ஹீப் டம்ப் கிடைக்காது, -எக்ஸ்எம்எக்ஸைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். 4ஆம் படிக்குத் திரும்பி ஹீப்பைக் குறையுங்கள், அல்லது கன்டெய்னரின் வரம்பைக் கூட்டுங்கள். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் ஹீப்பை ஏற்றிக்கொண்டே போனவர்களை நான் எண்ணி வைக்கவில்லை.

10. பதிப்பு மாற்றத்துக்கு முன் செய்ய வேண்டியது

ஃப்ளாக்குகளை ஒரே கோப்பில் எழுதி, ஜேடிகே 9 முதல் கிடைக்கும் @ குறி வழியாக அந்தக் கோப்பைக் கட்டளை வரியில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு -எக்ஸ்எக்ஸ் வரிக்கும் மேலே, # குறியிட்டு, எந்தப் பதிப்பில் எதற்காகச் சேர்த்தது என்று ஒரு வரி எழுதுங்கள். புதிய ஜேடிகே இமேஜ் வந்ததும், சேவையை ஏற்றுமுன், அதே கோப்பைக் கொடுத்து -வெர்ஷன் மட்டும் இயக்குங்கள். ஒரு விநாடியில் முடியும். ஃப்ளாக்கைப் பற்றிய எச்சரிக்கை ஒரு வரி வந்தாலும் பில்டு நிற்கும்படி வைத்து, அந்த ஃப்ளாக்கை அன்றே நீக்கிவிடுங்கள்.